மிளகுச் சத்தியம்

கஞ்சியை ஆற வைத்துக் குடிக்கிற ஆள் இல்லை அர்த்தனாரி. அடுப்பிலிருந்து இறக்கிய சட்டியில் கையை விட்டுக் களியை உருட்டி, மிளகும் உப்பும் வைத்து நுணுக்கிய துவையலில் புரட்டி, கண்ணில் தண்ணீர் வர வர விழுங்கினால்தான் அவனுக்குச் சாப்பிட்ட மாதிரி இருக்கும். அப்படிப்பட்டவன் வைகாசி பிறந்ததிலிருந்து, "அக்கட்டால வையி, ஆறட்டும்" என்று சொல்லிவிட்டு வெளியே போய் நிற்க ஆரம்பித்தான். திரும்பி வந்து சட்டியைத் தூக்கி, தலையை அண்ணாந்து, நாக்கில் படாமல் தொண்டைக்குள் ஊற்றிக்கொள்வான். துவையல் வைத்தது வைத்தபடி கிடக்கும்.

அவன் பெண்டாட்டி அத்தாயி முதலில் இதைக் கோபம் என்றுதான் நினைத்தாள். கோபப்பட நியாயமும் இருந்தது. முந்தின வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. சாமை பதராய்ப் போயிற்று, கேழ்வரகு முழங்காலுக்கு மேல் எழவில்லை. எங்கேயோ ஜப்பான்காரனோடு சண்டை என்று கீழ்நாட்டிலிருந்தும் அரிசி ஏறி வரவில்லை. மலைமேல் இருக்கிற பெரக்கரை நாட்டில் பாதி ஊர் மரவள்ளிக் கிழங்கை நறுக்கிக் காயவைத்து, இடித்து, அந்த மாவைக் கரைத்துக் குடித்துத்தான் சித்திரையைத் தாண்டியது. மாவும் தண்ணீரும், மறுநாளும் மாவும் தண்ணீரும். கடைவாய் வெடிக்காத ஆள் ஊரில் குறைவு. குழந்தைகள் சிரித்தால் உதட்டு ஓரத்தில் ரத்தம் கசிந்தது. சூடு என்று சொல்லி வெண்ணெயைத் தடவிவிட்டு வேலையைப் பார்த்தார்கள். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர்கள் யாரும் காளி முன்னால் சத்தியம் செய்திருக்கவில்லையே.

அர்த்தனாரி செய்திருந்தான். பங்குனி மாதம் செய்தது.

ஊத்துவயல் என்று ஒன்று இருந்தது. பள்ளத்தில் நாலைந்து படிக்கட்டாய் இறங்கும் சின்ன நெல்வயல். மேலே ஓர் ஊற்று, எந்தக் கோடையிலும் வற்றாது. மலை முழுக்கக் காய்ந்து கிடக்கும்போது அது மட்டும் பச்சையாக இருந்து எல்லார் கண்ணையும் உறுத்தும். மாணிக்கம், ராசு என்று அண்ணன் தம்பி இரண்டு பேர். அவர்கள் அப்பன் சாவதற்கு முன்னால் பலாத்தோப்பைப் பெரியவனுக்கும் ஊத்துவயலைச் சின்னவனுக்கும் வாயால் பிரித்துக் கொடுத்தார். அப்போது பக்கத்தில் நின்றது ராசுவும் அர்த்தனாரியும்தான். இரண்டு பேரும் வயலுக்குக் கல் உருட்டி வரப்புக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அர்த்தனாரி ராசுவுக்கு மச்சான் முறை. அதைவிடச் சேக்காளி.

அப்பன் போனார். பின்னாலேயே ராசுவும் மலைக்காய்ச்சலில் போனான். அவன் பெண்டாட்டி பாவாயியும் இரண்டு பெண்குழந்தைகளும் மிஞ்சினார்கள். ஆண்வாரிசு இல்லை என்றதும் மாணிக்கம் வந்து நின்றான். தம்பிக்கு அந்த வயலை உழுது தின்னத்தான் அப்பன் விட்டார், கொடுக்கவில்லை என்றான். மாணிக்கத்தைப் பொல்லாதவன் என்று நான் சொல்லமாட்டேன். காய்ச்சலில் கிடந்த தம்பியை முதுகில் சுமந்துகொண்டு மலை இறங்கினவன் அவன்தான். ஆனால் நிலம் பெண்பிள்ளைகளோடு வேறு ஊருக்குப் போகும் என்கிற நினைப்பே அவனுக்குத் தொண்டையில் மாட்டின முள்ளாக இருந்தது. அப்பன் அப்படிச் சொல்லியிருக்கவே மாட்டார் என்று அவன் நிஜமாகவே நம்பினான்.

அந்த ஊரில் இப்படிப்பட்ட வழக்குக்கு ஒரு முறை உண்டு. சாட்சி சொல்கிறவன் காளி முன்னால் நிற்பான். ஊர்க்கவுண்டர் கோயில் மண்ணைக் கொஞ்சம் எடுத்து அவன் நாக்கில் வைப்பார், மேலே மிளகு வைப்பார். அதை மென்று விழுங்கிவிட்டுச் சொல்ல வேண்டியதைச் சொல்லவேண்டும். அந்த நிமிஷத்திலிருந்து ஆடி நோம்பித் திருவிழா வரைக்கும் அந்த வாய் காளியின் பொறுப்பு. நோம்பியன்று கறிச்சாறு காய்ச்சுவார்கள், மிளகை அள்ளிப் போட்டு. சத்தியம் செய்தவன் அதை எல்லார் முன்னாலும் குடித்துவிட்டுக் கவுண்டருக்கு வாயைத் திறந்து காட்டவேண்டும். வாய் சுத்தமாக இருந்தால் அவன் சொன்னது காலத்துக்கும் நிற்கும். வெந்திருந்தால் பொய். வழக்கு எதிராளிக்குப் போய்விடும். சாறு குடிப்பதற்கு முன்னால் தானாகவே ஒத்துக்கொண்டால் சேவல் அறுத்து, வாய் கழுவிவிட்டு மன்னிப்பார்கள். மறைத்து அகப்பட்டுக்கொண்டால் அந்த வீட்டுக்கு நெருப்பு இல்லை, தண்ணீர் இல்லை, பெண் கொடுக்கல் வாங்கல் இல்லை. பாவாயிக்காக அப்படிச் சத்தியம் செய்த அர்த்தனாரிக்கு ஒரே மகள். ருக்குமணியை வாசலூர்பட்டியில் பேசி முடித்து, ஐப்பசியில் கல்யாணம் என்று வைத்திருந்தார்கள்.

கடைவாய் வெடிப்பு சூடு. நாக்கு வெந்தால் அது காளி. ஊருக்கு இதில் சந்தேகமே கிடையாது.

அத்தாயி கண்டுபிடித்தது ஒரு காலை நேரத்தில். மிளகுக்கொடியை மரத்தோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தவன் கயிற்றைப் பல்லால் கடித்து இழுத்தான். இழுத்தவன் அப்படியே கயிற்றை விட்டுவிட்டு மரத்தைக் கட்டிக்கொண்டு நின்றான். அவள் கூடையைப் போட்டுவிட்டு ஓடினாள்.

"ஏனுங்க, வாயத் தொறங்க."

"ஒண்ணுமில்லை, போ."

"தொறங்கன்னா தொறங்க."

வேறு வழியில்லாமல் திறந்தான். வெயிலுக்கு நேராக அவன் முகத்தைத் திருப்பிப் பார்த்தாள். நாக்கு தோல் உரித்த மாதிரி சிவந்து வழவழவென்று கிடந்தது. ஓரமெல்லாம் வெள்ளை வெள்ளையாகக் குழி. உள்கன்னத்திலும் இருந்தது. அத்தாயி அவன் முகத்தை விட்டாள். அப்படியே மண்ணில் உட்கார்ந்தாள்.

"எத்தனை நாளாச்சுங்க?"

"சித்திரைக் கடைசியிலயிருந்து. முதல்ல எரிச்சல்தான். இப்ப தண்ணி பட்டாலும் உசுரு போவுது."

அவள் கேட்டாள். ஒரு மனைவி புருஷனிடம் கேட்கக் கூடாததுதான், ஆனால் கேட்காமல் அவளால் இருக்க முடியவில்லை.

"நெசத்தத்தானே சொன்னீங்க?"

"என்ர மக மேல ஆணையா நெசம், புள்ளே. என்ர காதுல கேட்டேன். 'ஊத்துவயல் உனக்கு, தோப்பு பெரியவனுக்கு'ன்னு கெழவரு ராசுகிட்டச் சொன்னாரு. நான் கையில கல்லோட நின்னுக்கிட்டிருந்தேன்."

"அப்பறம் ஏனுங்க இப்படி?"

அவனும் ராத்திரி பகலாக அதையேதான் தனக்குள் கேட்டுக்கொண்டிருந்தான்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் யாரும் நிம்மதியாக உட்காரவில்லை. வாய்ப்புண்ணுக்கு மணத்தக்காளிக் கீரை நல்லது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதுதான் வம்பாயிற்று. வேலியோரம் குனிந்து அத்தாயி அந்தக் கீரையைப் பறித்தால் பார்க்கிறவளுக்கு யார் வாய் வெந்திருக்கிறது என்று கேட்கத் தோன்றும். அதனால் தனக்குத்தான் புண் என்று அவள் ஊரெல்லாம் சொல்லிவைத்தாள். சொன்னதற்கு ஏற்றபடி நடக்கவும் வேண்டியிருந்தது. அடுத்த வீட்டுக்காரி வெற்றிலையை நீட்டினால் முகத்தைச் சுளித்து வேண்டாம் என்பாள், பேச்சைக் குழறிப் பேசுவாள். சொல்லச் சொல்ல அவளுக்கே நாக்கு எரிகிற மாதிரி இருந்தது.

அர்த்தனாரியின் பாடு இதற்கு நேர்மாறு. அவன் வெற்றிலையை வேண்டாம் என்று சொல்ல முடியாது. சத்தியம் செய்தவனை வழியில் கண்டால் வெற்றிலை நீட்டுவது ஊருக்கே ஒரு விளையாட்டாகப் போயிற்று. சுண்ணாம்பை வாங்கி, தடவி, மடித்து, வாயில் போட்டு, மென்று, சிரித்து, இரண்டு வார்த்தை பேசிவிட்டுத்தான் நகரவேண்டும். வளைவு திரும்பியதும் ஓடிப்போய் ஓடைத் தண்ணீரில் வாயை வைத்துக்கொண்டு குப்புறக் கிடப்பான். ஒருநாள் மாணிக்கமே எதிரில் வந்தான். மடியிலிருந்து புகையிலையை எடுத்தான்.

"நல்ல சரக்கு மாப்ளே. கீழ்நாட்டுது. கொஞ்சம் காட்டமா இருக்கும்."

"குடுங்க மச்சான்."

"ஒடம்பு எளைச்சுப் போயிட்டியே?"

"யாரு எளைக்கல இந்த வருஷம்?"

"அதுஞ் சரிதான்," என்று சொன்ன மாணிக்கம் போகாமல் நின்றான். அர்த்தனாரியின் தாடை அசைவதையே பார்த்துக்கொண்டு நின்றான். அப்புறம் தாழ்ந்த குரலில், "தப்பாச் சொல்லியிருந்தாலும் ஒண்ணும் கெட்டுப் போகல. இப்பச் சொல்லிப்போடு. நானும் பாவாயியப் பட்டினி போட்டுற மாட்டேன். என்ர தம்பி புள்ளைகதானே," என்றான். கேலியாகச் சொல்லவில்லை, உண்மையாகவே சொன்னான். அதுதான் அர்த்தனாரிக்குத் தாங்கவில்லை. புகையிலைச் சாற்றை விழுங்கிவிட்டு, "நெசத்தைத்தான் மச்சான் சொன்னேன்," என்று சொல்லிக் கிளம்பினான்.

பிறகு வயிறும் சேர்ந்துகொண்டது. என்ன குடித்தாலும் நுரை நுரையாக, வெளுப்பாகப் போயிற்று. ஏர் ஓட்டுகிறவன் ஒரு சாலுக்கு ஒருதரம் மாட்டை நிறுத்திவிட்டுப் புதருக்கு ஓடினான். விலா எலும்பு தெரிந்தது. ஆனி மாதச் சாரல் விடாமல் அடித்தது, மலை முழுக்க மஞ்சு இறங்கி எதிரில் நிற்கிற மாடு தெரியவில்லை. ஊர் சந்தோஷமாகச் சாமை விதைத்தது. அர்த்தனாரி விதைக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, நடந்த இடத்திலேயே திரும்பத் திரும்ப நடந்தான். ஓரிடத்தில் விதை அடர்த்தியாக விழுந்தது, இன்னோரிடத்தில் விழவே இல்லை.

அவன் மனசு அந்த வரப்பிலேயே சுற்றிக்கொண்டிருந்தது. கிழவர் எங்கே நின்றார்? வயலின் தலைமாட்டிலா கால்மாட்டிலா? துண்டு தோளில் இருந்ததா தலையில் இருந்ததா? கையில் கல் இருந்தது நன்றாக நினைவிருக்கிறது, கல்லின் ஈரம்கூட நினைவிருக்கிறது. சொன்ன சொல்லும் நினைவிருக்கிறது. ஆனாலும் நாக்கு எரியும்போதெல்லாம் அந்தச் சொல் கொஞ்சம் மங்கிற்று. தன் காதைவிடக் காளியைத்தானே அவன் சின்ன வயசிலிருந்து நம்பியிருக்கிறான்.

கடைசியில் அத்தாயி அவனை மலையை விட்டு இறக்கினாள். வாழைத்தார் விற்கப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு காரவள்ளி இறக்கத்தில் அவன் இறங்கினான். வழியில் எத்தனை இடத்தில் தாரை இறக்கிவைத்துவிட்டு ஒதுங்கினான் என்பது அவனுக்குத்தான் தெரியும். அடிவாரத்தில் சுப்பையன் என்று ஒரு கம்பவுண்டர் இருந்தார். மலைக்காய்ச்சலுக்குக் கொய்னா மாத்திரை கொடுத்துக் கொடுத்து மலைக்காரர்களோடு பழகினவர். அவர் அர்த்தனாரியின் வாயைப் பார்த்தார், கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார். என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டார். சொன்னான்.

"அதானே பார்த்தேன். மாவையும் தண்ணியையும் குடிச்சா வாயும் வேகும், கொடலும் வேகும். புகையிலை வேற. சத்து இல்லைப்பா உன்ர ஒடம்புல. இந்த வருஷம் மலையிலயிருந்து வர்றவன்ல பாதிப் பேருக்கு இதுதான்."

"சத்தியம் பண்ணினதால வந்ததுங்களா?"

சுப்பையன் விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். சிரித்தார்.

"பொய்யிக்கு வாய் வேகும்னா எங்க ஆபீசுல ஒருத்தனுக்கும் நாக்கு இருக்காது. பால் குடி, முட்டை தின்னு, ஈரல் கெடைச்சாத் தின்னு. கீரையச் சேத்துக்க. மிளகு, மிளகாய், புகையிலை, சுண்ணாம்பு, எதையும் வாய்கிட்டக் கொண்டுபோகாதே. ரெண்டு மூணு மாசத்துல ஆறிப்போகும்."

"ஆடி நோம்பிக்குள்ள ஆறுமுங்களா?"

"நோம்பி எப்போ?"

சொன்னான். சுப்பையன் சிரிப்பை நிறுத்திவிட்டார். ஆறாது என்று அவருக்குத் தெரிந்தது. ஊதா நிறத்தில் ஒரு மருந்தை எடுத்து வாயில் தடவப் போனார். அர்த்தனாரி பதறி விலகினான். "வேண்டாமுங்க சாமி. நாக்கு ஊதாவாப் போச்சுன்னா ஊரே பாத்துப்போடும்," என்றான். மருந்தை மூடிவைத்துவிட்டு, வயிற்றுக்கு மட்டும் பொட்டலம் கட்டிக் கொடுத்து அனுப்பினார். கம்பவுண்டருக்கு அதற்கு மேல் என்ன செய்ய முடியும்?

மலை ஏறும்போது அர்த்தனாரிக்கு மனசு லேசாக இருந்தது. காளி இல்லை, மரவள்ளி. பாதி வழி வரைக்கும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு வந்தான். மேலே வந்து மஞ்சுக்குள் நுழைந்ததும் பழைய எண்ணமே திரும்ப வந்தது. ஊரில் எல்லாரும் மரவள்ளிதானே குடித்தார்கள். எல்லார் நாக்கும் இப்படியா கிடக்கிறது? கம்பவுண்டர் கீழே இருக்கிறவர். அவருக்குக் காளியைப் பற்றி என்ன தெரியும்?

பால் வேண்டும் என்றால் அத்தாயி வீட்டு மாடு வற்றிப் போயிருந்தது. பாவாயியிடம் ஓர் ஆடு கறந்துகொண்டிருந்தது. யாரும் போய்க் கேட்கவில்லை. மறுநாள் அவளாகவே ஒரு சுரைக்குடுவையை முந்தானைக்குள் வைத்து எடுத்துக்கொண்டு வந்தாள். வாசலில் அத்தாயி சாமைக்குக் களைக்கொத்துத் தீட்டிக்கொண்டிருந்தாள்.

"அண்ணனுக்குக் கொஞ்சம் பாலு, அண்ணி."

"அண்ணனுக்கு எதுக்குப் பாலு? அண்ணனுக்கு என்ன?"

பாவாயி குரலைத் தாழ்த்தினாள். "வெத்தலை போட்டுட்டு ஓடையில வாய வெச்சுக்கிட்டுப் படுத்திருந்தாரு. ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போனப்பப் பாத்தேன். யார்கிட்டயும் சொல்லல."

அத்தாயிக்கு அடக்கிவைத்ததெல்லாம் பொங்கிவிட்டது. கத்தவில்லை. கத்தினால் நாலு பேர் காதில் விழும். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

"உன்ர வயலுக்கு என்ர புருஷன் வாயா பாவாயி? தின்ன முடியல, தூங்க முடியல, நுரை நுரையாப் போவுது அவருக்கு. நோம்பியன்னைக்கு அந்தச் சாத்தைக் குடிச்சா மனுஷன் பொழைப்பாரா? பொழைச்சாலும் ஊரு எங்களை வெச்சிருக்குமா? என்ர மவ கல்யாணம் என்னாவும்? நீயே சொல்லு. உனக்கும் ரெண்டு பொண்ணு இருக்குதில்ல?"

பாவாயி குடுவையைக் கீழே வைத்தாள். "இருக்குது அண்ணி. அந்த வயலு இல்லீன்னா அந்த ரெண்டும் கீழ போயிக் கூலிக்குத்தான் நிக்கோணும்," என்றாள். அவள் சொன்னதும் நியாயம்தான். ஒரு நியாயத்துக்கு எதிரில் இன்னொரு நியாயம் நின்றால் யார் என்ன செய்வது? அப்புறம் உள்ளே திரும்பி, இருட்டில் உட்கார்ந்திருந்தவனைப் பார்த்து, "நோம்பி வரைக்கும் தாங்குவீங்களாண்ணா?" என்று மட்டும் கேட்டாள்.

"தாங்குவேன் கண்ணு," என்றான் அர்த்தனாரி.

அன்றிலிருந்து தினமும் பால் வந்தது. அத்தாயி திட்டிக்கொண்டே அதை வாங்கிக் காய்ச்சினாள். ருக்குமணி கல்யாணத்துக்கென்று பெருக்கிவைத்த கோழிகளின் முட்டையை ஒவ்வொன்றாக எடுத்து அவித்தாள். வயிறு கொஞ்சம் கட்டியது. வாய் மட்டும் ஆறவில்லை. ஆறுவதற்கு ஊர் விட்டால்தானே. வெளியே போனால் வெற்றிலை, போகாவிட்டால் ஏன் வரவில்லை என்று வீட்டுக்கே வெற்றிலை.

நோம்பிக்கு முதல்நாள் பறை கேட்க ஆரம்பித்ததும் அத்தாயி அவன் காலைப் பிடித்துக்கொண்டாள். சாறு குடிப்பதற்கு முன்னால் ஒரு வார்த்தை சொல்லிவிடு என்று கெஞ்சினாள். ஒரு சேவலோடு போய்விடும் என்றாள். பொய் சொல்லச் சொல்கிறாயா என்று கேட்டான். ஆமாம் என்றாள். உயிரோடு இருக்கிற புருஷன் பொய் சொன்னால் சொல்லட்டும் என்றாள். அவன் முடியாது என்றான். கிழவர் சொன்னது தன் காதில் விழுந்தது, அதை மாற்ற முடியாது என்றான். அவள் அழுதுகொண்டே முட்டையை உடைத்துக் கஞ்சியில் போட்டாள்.

நோம்பியன்று மழை விட்டிருந்தது. காளி கோயிலுக்கு முன்னால் அடுப்பு மூட்டி, கிடாய் வெட்டி, பெரிய அண்டாவில் சாறு கொதித்தது. கொதிக்கிற வாடையே மூக்கில் ஏறித் தும்மல் வந்தது. ஆண்கள் ஒரு பக்கமும் பெண்கள் ஒரு பக்கமுமாக உட்கார்ந்திருந்தார்கள். பாவாயி இளைய மகளை மடியில் வைத்திருந்தாள். ஊர்க்கவுண்டர் அருணாசலம் அர்த்தனாரியைக் கூப்பிட்டார். வயசானவர், வழக்கில் யார் பக்கமும் சாயாதவர் என்று பேர் வாங்கினவர். மாணிக்கம் தொன்னையில் சாற்றை மொண்டு கொண்டுவந்தான். எதிராளிதான் ஊற்றித் தரவேண்டும், அதுவும் முறை.

அர்த்தனாரி தொன்னையை வாங்கினான். ஆவி முகத்தில் அடித்தது. வாய்க்குக் கிட்டே கொண்டுபோனான். உதட்டு ஓரத்து வெடிப்பில் அந்த ஆவி பட்டதற்கே கண்ணில் நீர் வழிந்தது. சாறு கொஞ்சம் புறங்கையில் சிந்திற்று. கவுண்டர் அதைப் பார்த்துவிட்டார். தொன்னைக்கும் அவன் வாய்க்கும் நடுவில் தன் கையை வைத்தார்.

"அர்த்தனாரி, இன்னும் குடிக்கல நீ. ஏதாச்சும் சொல்லோணும்னா இப்பச் சொல்லிப்போடு சாமி. யாரும் உன்னை ஒண்ணும் பண்ணமாட்டாங்க."

அந்தச் "சாமி"தான் அவனை உடைத்தது. அதட்டியிருந்தால் குடித்திருப்பான். யாரோ ஒருத்தர் அவன் வாய்க்கு இரக்கப்பட்டுக் கை வைத்ததும், அத்தனை நாள் பிடித்துவைத்திருந்த பலமெல்லாம் ஓடிப்போயிற்று. அத்தாயி அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு அவனையே பார்த்தாள். ருக்குமணி அவள் தோளில் முகத்தைப் புதைத்திருந்தாள். அவன் பாவாயி பக்கம் பார்க்கவில்லை. பார்த்தால் சொல்ல முடியாது என்று அவனுக்குத் தெரியும்.

"பொய்ச் சத்தியம் பண்ணிப்போட்டேனுங்க," என்றான்.

கூட்டத்தில் ஒரு பெருமூச்சு எழுந்து அடங்கிற்று. மாணிக்கம் தொன்னையை அவன் கையிலிருந்து மெதுவாக வாங்கி மண்ணில் ஊற்றினான். அவன் கண்ணிலும் நீர் நின்றது. தன் அப்பன் மானம் மீண்டுவிட்டதாக அவன் நினைத்தான். சேவல் அறுத்தார்கள். பாலும் ஊற்றுத் தண்ணீரும் கலந்து அர்த்தனாரியின் வாயைக் கழுவிவிட்டார்கள். பாவாயி மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு சாப்பிடாமல் எழுந்து போனாள்.

அதற்குப் பிறகு யாரும் அர்த்தனாரிக்கு வெற்றிலை நீட்டவில்லை. வாய் கழுவினவன் என்று அவனை வீட்டோடு விட்டார்கள். அத்தாயி வெளிப்படையாகவே வேலியோரம் போய் மணத்தக்காளி பறித்தாள். மாணிக்கம் வீட்டிலிருந்தே ஆட்டு ஈரல் வந்தது, மோர் வந்தது. தண்டனை முடிந்தவனுக்கு ஊர் எப்போதும் தாராளம்தான். புகையிலை இல்லை, காரம் இல்லை. ஆவணியில் எரிச்சல் நின்றது. புரட்டாசியில் புதுச்சாமை அறுத்து, சோறாக்கி, சுடச்சுடப் போட்டாள் அத்தாயி. ஊதிக்கூடத் தின்னாமல் அள்ளி வாயில் போட்டான். எரியவில்லை. நாக்கில் உரிந்த இடமெல்லாம் மூடி, சொரசொரவென்று பழையபடி வந்திருந்தது. வயிற்றுப்போக்கும் நின்றது. அத்தாயி காளிக்கு விளக்குப் போட்டாள். ஊரே பார்த்தது. பொய்யை ஒத்துக்கொண்டான், வாய் ஆறிவிட்டது என்று பக்கத்து நாடு வரைக்கும் பேசினார்கள்.

சாமைச்சோறு இரண்டாம் வாய் அவனுக்கு இறங்கவில்லை. ஏன் என்று அத்தாயி கேட்டாள். ஒன்றுமில்லை என்றான்.

பாவாயி ஆட்டை விற்றுவிட்டு, ஐப்பசிக்கு அப்புறம் மலை இறங்கி அடிவாரத்தில் கூலி வேலைக்குப் போவதாக இருந்தாள். ருக்குமணி கல்யாணத்துக்கு வந்து, ஒரு மூலையில் நின்று, அட்சதை போட்டுவிட்டுப் போனாள். கல்யாணம் முடிந்த மறுநாள் அர்த்தனாரி அவள் வீட்டு முன்னால் போய் நின்றான். அவள் பானைகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"பாவாயி, எங்கூட வா. கவுண்டர்கிட்டப் போலாம்."

"எதுக்குங்கண்ணா இனி?"

"மவ கல்யாணம் ஆயிப்போச்சு. இனி என்னை எப்படி வேணும்னாலும் தள்ளி வெக்கட்டும். நெசத்தைச் சொல்லிப்போடறேன்."

அவள் நம்பவில்லை. ஆனாலும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அருணாசலக் கவுண்டர் களத்தில் சாமை காய்வதைக் காலால் கிளறிக்கொண்டிருந்தார். அர்த்தனாரி தயங்காமல் சொன்னான். நோம்பியில் சொன்னதுதான் பொய், பங்குனியில் சொன்னது நிஜம், வாய் வெந்து பயந்துபோய் அப்படிச் சொல்லிவிட்டேன், ஊத்துவயல் பாவாயிக்குத்தான் என்றான். கம்பவுண்டர் சொன்னதையும் சொன்னான். மரவள்ளி, சத்து இல்லாத உடம்பு, பால், முட்டை, எல்லாவற்றையும் சொன்னான். கவுண்டர் குறுக்கே பேசாமல் கேட்டார். கோபமே படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

"இப்ப வாய் எப்படி இருக்குது?" என்றார்.

அர்த்தனாரி கையால் வாயைப் பொத்திக்கொண்டான்.

"தொற பாக்கலாம்."

திறந்தான். கவுண்டர் அவன் தாடையைப் பிடித்து வெயிலுக்குத் திருப்பினார். நாக்கைத் தூக்கச் சொல்லி அடியில் பார்த்தார். விரலை விட்டுக் கன்னத்தை விலக்கி இரண்டு பக்கமும் நிதானமாகப் பார்த்தார். ஒரு பொட்டுப் புண் கிடையாது.

"கொழந்தை வாயாட்டம் இருக்குதே," என்றார். விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார். "நீயே யோசிச்சுப் பாரு சாமி. நெசத்தைச் சொன்னவன் வாயை வேக வெச்சு, பொய்யைச் சொன்னவன் வாயை ஆத்திவிடுவாளா ஆத்தா? அவ அப்படிப்பட்டவளா? அந்தப் புள்ளை மேல உனக்கு எரக்கம். அது எனக்குத் தெரியுது. அதுக்காக மறுபடியும் பொய் சொல்லாதே. இப்பத்தான் பொழைச்சு வந்திருக்கறே."

சொல்லிவிட்டு அவர் சாமையைக் கிளறப் போய்விட்டார். அர்த்தனாரி நின்ற இடத்திலேயே நின்றான். காட்டினது காட்டினபடி வாய் திறந்தே இருந்தது. இன்னும் யாராவது வந்து உள்ளே ஒரு புண்ணைக் கண்டுபிடிக்கமாட்டார்களா என்பதுபோல நின்றான்.

பாவாயி அவன் பக்கத்தில் வந்தாள்.

"வாய மூடுங்கண்ணா," என்றாள். "போலாம்."